முற்றுவது வேறு, பழுப்பது வேறு

பூம்பிஞ்சு, பிஞ்சு, இளங்காய், முற்றிய காய், செங்காய், பழம் என ஒரே பொருளின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துப் பெயரிட்டு வைத்தவர்கள் எம் முன்னோர். காலத்துக்கு முன்பே வாடிப் பழுத்ததை 'வெம்பல்' என்று ஒதுக்கினார்கள். வயதுக்கு மிஞ்சிய பேச்சுப் பேசும் சிறுவனைப் 'பிஞ்சிலே பழுத்தவன்' என்று பழிப்பதற்கும் பழத்தையே துணைக்கு அழைத்தார்கள். இச்சொற்கள் வெறும் அலங்காரமல்ல. தோட்டத்திலும் சந்தையிலும் நெடுங்காலம் பழகிய கண்கள் கண்ட ஓர் உண்மை அவற்றுள் அடங்கியிருக்கின்றது. காய் முற்றுவது ஒரு செயல்; முற்றிய காய் பழுப்பது மற்றொரு செயல். இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதனாலேயே நாம் சந்தையில் அடிக்கடி ஏமாந்து போகின்றோம்.

பொன்போல் மின்னும் மாம்பழம் ஒன்றை, விலை அதிகமாயினும் பிள்ளைகளுக்காக வாங்கி வருகின்றோம். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறிய சதை. வாயில் வைத்தால் புளிப்பும் ஒருவகைச் சப்பும். கொட்டையோ இன்னும் முற்றவில்லை. பணம் போனது ஒரு புறமிருக்க, மாம்பழம் என்றாலே இப்படித்தான் என்று பிள்ளைகள் எண்ணிவிடுவது அதனினும் பெரிய நட்டம். அந்தப் பழம் பழுக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. அது பழுத்துத்தான் இருக்கின்றது. ஆனால் முற்றாமல் பழுத்திருக்கின்றது. இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின் மரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

மரத்தின் வேலையும் காயின் வேலையும்

மரத்தின் இலைகள் சூரிய ஒளியிலே வெல்லத்தைத் தயாரிக்கின்றன. அவ்வெல்லம் காம்பின் வழியே காய்க்குள் செல்கின்றது. மா, வாழை போன்றவற்றில் அதன் பெரும்பகுதி மாப்பொருளாக மாறிச் சேமித்து வைக்கப்படுகின்றது. உள்ளே விதை வளர்ந்து உரம் பெறும்வரை இந்தச் சேமிப்பு நடந்துகொண்டே இருக்கும். இதுவே முற்றுதல்.

விதை முற்றும்வரை காயை எவரும் தின்றுவிடக்கூடாது. ஆகவேதான் இலையோடு இலையாக மறைந்திருக்கப் பச்சை நிறம். பல்லுக்கு இடங்கொடாத கடினம். நாவைச் சுருக்கும் துவர்ப்பு. கண்ணைக் கூச வைக்கும் புளிப்பு. விதை முற்றிய பின்போ நிலைமை தலைகீழாக மாறுகின்றது. இப்பொழுது வௌவாலும் அணிலும் கிளியும் வரவேண்டும், தின்ன வேண்டும், விதையை வேறிடத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும். காய் பழுப்பது இந்த விருந்தினருக்கு விடுக்கப்படும் அழைப்பே. மனிதரும் அழையாமல் அந்த விருந்திற் கலந்துகொண்டவர்கள்தாம்.

பழுக்கும்போது காயினுள்ளே பல மாறுதல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. நொதியங்கள் என்னும் பொருள்கள் மாப்பொருளைச் சிதைத்து வெல்லமாக்குகின்றன. பச்சை வாழைக்காயின் சதையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாப்பொருள் உண்டு. நன்கு பழுத்த பின்னர் எஞ்சுவது ஓரிரு பங்கு மாத்திரமே. ஏனையவற்றிற் பெரும்பகுதி வெல்லமாகிவிடும். கலச்சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருந்த பெக்டின் என்னும் பசை கரைய, சதை மென்மையாகின்றது. துவர்ப்பைத் தந்த தனின் நாவுக்குப் புலப்படாத வடிவம் கொள்கின்றது. புளிப்புக் குறைகின்றது. ஆவியாகி மூக்கை எட்டும் நறுமணப் பொருள்கள் உண்டாகின்றன. தோலிலுள்ள பச்சையம் சிதைய, அதன் கீழ் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. வாழைப்பழத்தின் மஞ்சள் புதிதாகப் பூசப்பட்ட வர்ணமன்று. பச்சைத் திரை விலகியதனால் தோன்றிய பழைய வர்ணமே.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இம்மாறுதல்களுள் எதற்கும் வேண்டிய பொருள் வெளியிலிருந்து வருவதில்லை. மரம் கொடுத்து வைத்ததைக் கொண்டே காய் பழமாகின்றது. பானையில் அரிசி இருந்தாற்றான் சோறு ஆக்கலாம். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் வெறும் பானையிற் சோறு வராது.

பறித்த பின்பும் உயிர் உண்டு

காம்பை அறுத்தவுடன் காய் இறந்துவிடுகின்றது என்று எண்ணுவது தவறு. அது தொடர்ந்து சுவாசிக்கின்றது. நம்மைப் போலவே ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றது. காற்றோட்டமின்றிக் குவித்து வைத்த பழக்குவியலுக்குள் கையை விட்டால் இளஞ்சூடு தெரிவது இதனாலேயே.

இங்கிலாந்திலே பிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1920களில் அப்பிள் பழங்களின் சுவாசத்தை அளந்து வந்தனர். பறித்த அப்பிளின் சுவாசம் சிலகாலம் மந்தமாக இருந்து, பழுக்கத் தொடங்கும் தறுவாயிலே திடீரென உயர்ந்து, உச்சத்தை அடைந்த பின் மீண்டும் தணிவதை அவர்கள் கண்டார்கள். காய்க்குப் பழமாகும் வேளை வந்துவிட்டது என்பதற்கு அந்த எழுச்சியே அறிகுறி.

எல்லாக் கனிகளிலும் இந்த எழுச்சி நிகழ்வதில்லை. நிகழ்பவை ஓர் இனம். நிகழாதவை மற்றோர் இனம். முதலாம் இனத்தவை முற்றிய பின் பறிக்கப்பட்டால் மரத்தை விட்டு வந்தும் பழுக்கும். மா, பலா, வாழை ஆகிய முக்கனிகள் மூன்றும் இவ்வினத்தனவே. கொய்யா, பப்பாசி, கொடித்தோடை, தக்காளி, அப்பிள் ஆகியவையும் இவற்றோடு சேர்ந்தவை.

இரண்டாம் இனத்திலே தோடை, தேசி, அன்னாசி, முந்திரிகை, மாதுளை, வத்தகை முதலியன அடங்கும். இவை பறித்த பின்பு இனிப்பதில்லை. இவற்றின் சதையிலே வெல்லமாக மாறக்கூடிய மாப்பொருட் சேமிப்புக் கிடையாது; இலைகளிலிருந்து நேரே வந்த வெல்லமே இவற்றின் இனிப்பு. காம்பு அறுந்தால் வரவும் அறுந்தது. புளிக்கும் அன்னாசியை மேசைமீது ஒரு வாரம் வைத்திருந்தால் நிறம் மாறும்; மணம் சிறிது கூடும்; கடைசியில் அழுகும். ஆயினும் பறித்த நாளில் இருந்ததைவிட இனிப்பு ஏறமாட்டாது.

முதலாம் இனத்திலும் விசித்திரங்கள் உண்டு. பப்பாசி பறித்த பின்பு சிவக்கும், மென்மையாகும். எனினும் அதிலே மாப்பொருட் சேமிப்பு இல்லாமையால் இனிப்பு அதிகம் கூடுவதில்லை. தோலில் மஞ்சட்கீற்று ஒன்றாவது தோன்றும்வரை மரத்தில் விட்டு வைப்பதே தகும். ஆனைக்கொய்யா என்னும் பட்டர்பழமோ மரத்தில் இருக்கும்வரை பழுப்பதேயில்லை. முற்றியபடியே வாரக்கணக்காகத் தொங்கும். பறித்து வைத்த பின்னரே கனியத் தொடங்கும்.

ஒரு வாயுவின் வரலாறு

இந்த எழுச்சியைத் தூண்டிவிடுவது எது? இதற்கு விடை தேடிய வரலாறு பழத்தோட்டத்திற் தொடங்கவில்லை. தெருவிளக்கு எரித்த வாயுவிலே தொடங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பிய நகரங்களில் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவினால் விளக்கெரித்தார்கள். நிலத்தின் கீழிருந்த குழாய்களில் வாயு கசிந்த இடங்களில் தெருவோரத்து மரங்கள் இலை உதிர்த்து நின்றன. ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே நெல்யூபொவ் என்னும் இளைஞர், ஆய்வுகூடத்தில் முளைத்த பட்டாணிக் கன்றுகள் நேரே நிமிராமல் தடித்துக் குறுகிக் கிடையாக வளர்வதைக் கண்டார். அதற்குக் காரணம் விளக்கு வாயுவிலே சிறிதளவு கலந்திருந்த எதிலீன் என்பதை 1901ஆம் ஆண்டிலே நிறுவினார்.

1910ஆம் ஆண்டில் யமெய்க்காவிலே கசின்ஸ் என்பவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கப்பலிலே தோடம்பழங்களையும் வாழைக்குலைகளையும் ஒரே இடத்தில் ஏற்றக்கூடாது; ஏற்றினால் தோடம்பழத்திலிருந்து வெளிவரும் ஏதோ ஒரு வாயு வாழையைக் காலத்துக்கு முன்பே பழுக்கச் செய்துவிடும் என்றார். பூஞ்சணம் பிடித்த தோடம்பழங்களில் அப்பூஞ்சணமே எதிலீனைப் பெருமளவில் வெளிவிடும் என்பது பின்னர் தெரியவந்தது.

கலிபோர்னியாவிலே எலுமிச்சை வியாபாரிகள், பச்சைப் பழங்களை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் வைத்து மஞ்சளாக்கி வந்தார்கள். வெப்பமே நிறத்தை மாற்றுகின்றது என்பது அவர்களுடைய எண்ணம். புகையில்லாத நவீன முறையினால் அறைகளைச் சூடாக்கிப் பார்த்தபோது பழங்கள் பச்சையாகவே இருந்துவிட்டன! வேலை செய்தது வெப்பமன்று. புகையிலிருந்த எதிலீனே என்பதை பிராங்க் டெனி என்பவர் 1924ஆம் ஆண்டிலே காட்டினார்.

இறுதியாக 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேன் என்னும் விஞ்ஞானி, பழுக்கும் அப்பிள் தானாகவே எதிலீனை உண்டாக்குகின்றது என்று நிரூபித்தார். வெளியிலிருந்து வந்து பழத்தைத் தாக்கும் வாயு என்று கருதப்பட்டது, பழம் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் கட்டளை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. காற்றின் பத்து இலட்சம் பங்கிலே ஒரு பங்குக்கும் குறைவான எதிலீன் பல கனிகளைப் பழுக்கத் தூண்டப் போதுமானது. ஒரு பழம் வெளிவிடும் வாயு அடுத்த பழத்தைத் தூண்ட, அது மேலும் வாயுவை வெளிவிட, ஒரு குலை முழுவதும் சில நாட்களில் பழுத்து முடிகின்றது. அடிபட்ட பழத்திலும் அழுகிய பழத்திலும் இவ்வாயு அதிகம் சுரக்கும். கூடையில் அழுகிய ஒன்றை உடனே அகற்றிவிடும் பாட்டிமாரின் வழக்கத்துக்கு விஞ்ஞானம் சொல்லும் விளக்கம் இதுவே.

புகைக்கிடங்கும் காபைட்டும்

எதிலீன் என்ற பெயரை அறியாமலே அதனைப் பயன்படுத்தியவர்கள் எம்மவர்கள். நிலத்திலே கிடங்கு வெட்டி, வாழைச்சருகு பரப்பி, குலைகளை அடுக்கி, மேலே மூடி மண்ணிட்டு, ஒரு துவாரத்தின் வழியே புகையூட்டுவது பழைய முறை. புகையிலே எதிலீன் உண்டு. கிடங்கு அதனையும், பழங்கள் தாமே விடும் வாயுவையும், அவற்றின் வெப்பத்தையும் வெளியேறாமற் காக்கின்றது. மாங்காயை வைக்கோலுக்குள்ளோ அரிசிப் பானைக்குள்ளோ புதைத்து வைப்பதும் இதே தத்துவத்தைத் தழுவியதே.

இக்காலத்து வியாபாரிகள் இதற்கெனக் கட்டிய அறைகளிலே, வெப்பத்தையும் ஈரத்தையும் அளவோடு வைத்து, காற்றின் பத்து இலட்சம் பங்குக்கு 100 முதல் 150 பங்கு வரையான எதிலீனை ஓரிரு நாட்கள் செலுத்தி வாழைக்காயைப் பழுக்க வைக்கின்றார்கள். இதிலே அஞ்சுவதற்கு எதுவுமில்லை. பழம் தானே உண்டாக்கும் வாயு இது.

அஞ்சவேண்டியது கல்சியம் காபைட்டு என்னும் கல்லுக்கே. இது இரும்பு ஒட்டும் பட்டறைகளுக்கு உரிய பொருள். ஈரம் பட்டவுடன் இதிலிருந்து அசற்றலீன் வாயு வெளிவரும். எதிலீனைப் போன்று, ஆனால் அதனினும் வலிமை குறைந்ததாக, இவ்வாயுவும் காயைப் பழுக்கத் தூண்டும். பட்டறைக்கென்று செய்யப்படும் காபைட்டிலே ஆசனிக்கு, பொசுபரசு ஆகியவற்றின் நச்சுச் சேர்க்கைகள் கலந்திருப்பதுண்டு. அவை உண்போருக்கு மாத்திரமன்றி, அதனைக் கையாளும் கூலித் தொழிலாளருக்கும் தீங்கு செய்யவல்லவை. அயல்நாடாகிய இந்தியாவின் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள், இம்முறையிற் பழுக்கவைத்த பழங்களின் விற்பனையைத் தடைசெய்கின்றன.

நஞ்சைவிட வெளிக்குத் தெரியாத இன்னொரு கேடும் இதிலே உண்டு. சந்தையில் முதலாவதாக வரும் மாம்பழத்துக்கு விலை அதிகம். அந்த விலையை நாடி முற்றாத காய்களைப் பறித்து, தடியால் அடித்துக் கனியவைப்பது போலக் காபைட்டினால் நிறமேற்றி விற்கும்போது, மரம் கொடுக்கவிருந்த இனிப்பு மரத்திலேயே நின்றுவிடுகின்றது. வாங்குபவன் தோலுக்கு விலை கொடுக்கின்றான். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் பாரத்திலும் சுவையிலும் கூடுதலாகக் கிடைத்திருக்கும் காயைத் தோட்டக்காரனும் இழக்கின்றான்.

நிறத்தை நம்பலாமா?

நிறம் பல வேளைகளிற் பொய் சொல்லும். பிபிலைத் தோடம்பழத்தைப் பாருங்கள். தோல் பச்சை, உள்ளே தேன். தோடம்பழத்தோலின் பச்சையம் நீங்குவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். வெப்பநாடுகளிலே அக்குளிர் கிடையாமையால் பழம் கனிந்தும் தோல் பச்சையாகவே நிற்கின்றது. கவண்டிஷ் இன வாழையும் 24 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் பழுத்தால், சதை கனிந்தும் தோலின் பச்சை முற்றாக நீங்குவதில்லை.

ஆகவே நிறத்தைவிட வடிவத்தை நோக்குதல் நன்று. முற்றிய மாங்காயின் காம்படியிலே தோள்கள் இரண்டும் பருத்து எழும்பியிருக்கும். காம்பு சிறு குழியிற் பதிந்திருக்கும். முற்றாத காயின் தோள்கள் காம்பிலிருந்து சரிந்து போகும். தண்ணீரில் இட்டால் முற்றியது பெரும்பாலும் அமிழும், முற்றாதது மிதக்கும். வாழைக்காயிலே விளிம்புகள் கூராக நின்றால் இளசு. விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் முற்றியது. பழுத்த மாம்பழமாயின் காம்படியை முகர்ந்து பார்த்தல் வேண்டும். நிறம் உண்டு, மணம் இல்லை என்றால் ஐயுறுவதே முறை.

இல்லத்தரசிகளுக்குச் சில குறிப்புகள்

மாங்காயைக் கொக்கத்தடியால் ஆயும்போது நிலத்தில் விழ விடாது, காம்போடு எடுத்து, பால் வடிந்த பின் அடுக்குதல் வேண்டும். பால் பட்ட தோல் கருகும். அடிபட்ட இடம் பழுக்குமுன் அழுகும்.

பழுக்காத வாழைக்காயையும் மாங்காயையும் குளிர்ப்பெட்டியில் வைத்தல் ஆகாது. வாழை ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரைத் தாங்காது. தோல் கறுத்துப் பழுக்கும் ஆற்றலை இழக்கும். வாழைக்காயைக் கடல்கடந்து கொண்டு செல்லும் கப்பல்களிலும் ஏறத்தாழ இந்த வெப்பநிலையையே பேணுகின்றார்கள். பழுத்து முடிந்த மாம்பழத்தை ஓரிரு நாள் குளிரில் வைப்பதிற் குற்றமில்லை.

விரைவிற் பழுக்க வேண்டுமாயின் காயைக் கடதாசிப் பையில் இட்டு, நன்கு பழுத்த வாழைப்பழமொன்றையோ தக்காளியையோ உடன் வைக்கலாம். பழுக்கும் பழங்களுக்கு அருகிலே கீரை, கோவா, பூக்கள் ஆகியவற்றை வைக்காதிருப்பது நல்லது. எதிலீன் அவற்றை விரைவில் மஞ்சளாக்கி வாடச் செய்யும்.

மாணவர் செய்து பார்க்க ஒரு சோதனை

ஒரே சீப்பிலிருந்து முற்றிய பச்சைக் கதலிக்காய் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்த வெளியிலும், மற்றொன்றைக் கடதாசிப் பையிலும், மூன்றாவதைப் பழுத்த தக்காளியோடு கடதாசிப் பையிலும் வையுங்கள். நான்காம் நாள் மூன்றையும் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்திலே ஆசிரியரின் உதவியோடு அயடீன் கரைசல் சிறிது தடவுங்கள். மாப்பொருள் எஞ்சியுள்ள இடமெல்லாம் கருநீலமாகும். வெல்லமாக மாறிய இடம் நீலமாகாது. எதிலீன் கண்ணுக்குத் தெரியாத வாயுவாயினும், அது செய்த வேலையை இவ்வாறு கண்ணாலேயே காணலாம். அயடீன் தடவிய துண்டுகளை உண்ணுதல் கூடாது.

சோதனையை இன்னொரு முறை, முற்றாத இளங்காய் ஒன்றையும் சேர்த்துச் செய்து பாருங்கள். தக்காளியோடு பல நாள் வைத்தால் அதன் தோலும் மஞ்சளாகலாம். ஆயினும் அதன் பருமனையும் சுவையையும் முற்றி விளைந்த பழத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இக்கட்டுரை கூறவந்த செய்தி முழுவதும் விளங்கிவிடும். பழுக்கும் காலத்தை மனிதன் தன் வசதிக்கேற்ப முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தலாம்; அதற்கான அறிவு அவனிடம் உண்டு. முற்றும் காலத்தைக் குறுக்க அவனிடம் வாயுவுமில்லை, கல்லுமில்லை. அதற்கு வெயிலும் இலையும் மரமும் வேண்டும். பறிப்பவனுக்குப் பொறுமையும் வேண்டும்.